இடம்பெயர்ந்த திருமேனிகளும் ஒளிப்படச் சான்றும்

கோயிலில் வழிபாட்டுருவாக விளங்கும் சோழர் காலத் திருமேனி, அருங்காட்சியகத்தில் கலைப்பொருளாகிறது. இம்மாற்றம் முறையானதா என்பதை ஆவணமே தீர்மானிக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில், நெடுங்காலம் பூட்டிக் கிடந்த பிரகதீசுவரர் கோயிலிலிருந்து செப்புத் திருமேனியான நடராசர் களவாடப்பட்டார். கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் அவரை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. உடன் அளிக்கப்பட்ட உரிமைத்தாள்கள் போலியானவை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலிலேயே முன்னர் எடுத்திருந்த ஒளிப்படங்கள் அதனை மெய்ப்பித்தன.

சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்திலிருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிற்பம் விருத்தாசலம் கோயிலுக்குரியது என்பதும் அந்நிறுவனத்தின் ஒளிப்படத்தாலேயே உறுதியாயிற்று. இரண்டும் 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன.

பள்ளிபாளையத்தை அடுத்த திருச்செங்கோட்டில் அர்த்தநாரீசுவரரே மூலவர். நாள்தோறும் நிகழும் வழிபாடே அவருக்குக் காவல். விருத்தாசலத்திலோ அவ்வடிவம் புறச்சுவர்க் கோட்டத்தில் நின்றது. வழிபடுவோர் பார்வை குன்றிய கோட்டச் சிற்பங்களுக்கும் பூட்டிய கோயில்களின் திருமேனிகளுக்கும் உரிமைச்சான்றாக எஞ்சுவது ஒளிப்படமே. எனவே, கொங்குப் பகுதியின் சிறுகோயில்களிலும் அவற்றை இருக்குமிடத்திலேயே பதிவுசெய்தல் கலைவரலாற்றுப் பணி மட்டுமன்று; உரிமைக் காப்புப் பணியுமாகும்.