கைத்தறிக்கு 300 யூனிட் இலவச மின்சாரம்: வோல்ட், ஆம்பியர் வைத்து கணக்கு போடுவது எப்படி?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பல நெசவாளர்களுக்கு வீடும் தறிக்கூடமும் ஒன்றுதான். தறிக்கு மேலே விளக்கு, பக்கத்தில் ஃபேன், உள்ளே சமையல், எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும்.

கைத்தறி நெசவாளர்களுக்கு 2 மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை, 2023-ல் தமிழக அரசு 300 யூனிட்டாக உயர்த்தியது. அதைத் தாண்டினால் கைக்காசுதான் போகும். எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க, வோல்ட், ஆம்பியர் என்ற 2 எண்கள் போதும்.

பெருக்கினால் மின்திறன், வகுத்தால் மின்தடை

மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம் வோல்ட். நம்ம வீட்டு இணைப்பில் இது 230. வயரில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு ஆம்பியர்.

• வோல்ட் × ஆம்பியர் = மின்திறன், அதாவது வாட்
• வோல்ட் ÷ ஆம்பியர் = மின்தடை, அதாவது ஓம்

தண்ணீர் காயவைக்கும் ஹீட்டர் ஒன்று 4.35 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230 × 4.35 = சுமார் 1000 வாட். 230 ÷ 4.35 = சுமார் 53 ஓம்.

யூனிட் கணக்கு

1000 வாட் பொருள் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். இந்த ஹீட்டரை தினமும் அரை மணி நேரம் போட்டால், 60 நாளில் 30 யூனிட்.

தறி மேல் 60 வாட் குண்டு பல்பு 2, தினமும் 10 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 72 யூனிட். அதே இடத்தில் 9 வாட் எல்இடி பல்பு 2 போட்டால் 11 யூனிட்கூட வராது. 75 வாட் ஃபேன் 10 மணி நேரம் ஓடினால் 45 யூனிட்.

வோல்டேஜ் குறைந்தால் பில் குறையுமா?

குறையாது. 180 வோல்ட்தான் வருகிறது என்றால், அதே 53 ஓம் ஹீட்டரில் 3.4 ஆம்பியர்தான் ஓடும். மின்திறன் 612 வாட்டாக இறங்கிவிடும். ஆனால் தண்ணீர் சூடாக ஒன்றரை மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும். யூனிட் மிச்சமாகாது.

லூஸ் பிளக் ஏன் ஆபத்து?

பிளக் சரியாகப் பிடிக்காத இடத்திலும் மின்தடை உண்டு. அங்கே உண்டாகும் வெப்பம் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம். அது வெறும் அரை ஓம் என்றாலும், 4.35 ஆம்பியர் ஓடும்போது சுமார் 9.5 வாட் வெப்பம் அந்தச் சின்ன இடத்திலேயே சேரும். ஆம்பியர் இரு மடங்கானால் வெப்பம் 4 மடங்கு! மரத்தறி, ஜக்கார்டு அட்டை, நூல் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. பிளக் சுட்டால் உடனே மாற்றுங்கள்.

இதை கவனிங்க

இந்தக் கணக்கு ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், குண்டு பல்பு போன்றவற்றுக்கு அப்படியே பொருந்தும். ஃபேன், தார் சுற்றும் மோட்டார், எல்இடி ஆகியவற்றில் உண்மையான வாட், பெருக்கி வரும் எண்ணைவிடக் குறைவாக இருக்கும். அவற்றுக்கு லேபிளில் உள்ள வாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் பார்க்க வயரை நீங்களே பிரிக்க வேண்டாம். எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் இருக்கும், வயரை வெட்டாமலே அளந்து சொல்லிவிடுவார்.