கல்லும் காடும்: நாலந்தாவும் உலர் வலயப் பாதுகாப்பும்

பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் மழையற்றுத் திரிந்த நிலையாகவே சிலப்பதிகாரம் காட்டுகிறது. மணற்பாலை இல்லாத இலங்கையின் உலர் வலயத்தை விளங்கிக்கொள்ள இக்கருத்துத் துணைபுரியும். தீவின் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கான இப்பரப்பு, வடகீழ்ப் பருவக்காற்றினாலேயே பெருமழை பெறுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை வறள்கிறது. இவ்வறட்சியை எதிர்கொண்டே பண்டைய குள நாகரிகம் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் பின் அது சிதைவுற, கைவிடப்பட்ட வயல்களையும் குளக்கட்டுகளையும் காடு மூடிக்கொண்டது. எஞ்சிய குளங்கள் யானைக்கும் மானுக்கும் நீர்நிலைகளாயின. எனவே, ஆதிக்காடென நாம் கருதுவதிற் பெரும்பகுதி மனித வரலாற்றின் விளைவேயாகும்.

மலைநாடு தாழ்ந்து உலர் வலயத்தோடு கூடுமிடத்தில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே நாலந்தா அமைந்துள்ளது. பல்லவக் கட்டடக்கலைச் சாயலில் கல்லால் எழுப்பப்பட்ட அங்குள்ள ‘கெடிகே’ என்னும் பௌத்த ஆலயம், இருவேறு பண்பாட்டு மரபுகளின் கலப்புக்குச் சான்றாகும். போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் அது மூழ்காதிருக்க, 1975இல் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, 1980இல் நீர்மட்டத்திற்கு மேலான மேட்டில் மீள அமைக்கப்பட்டது. 1976இல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர், அம்பன் கங்கை வழியே போவத்தென்னையை அடைந்து, சுரங்கவழி மூலம் கலாவாவிப் பகுதிக்குச் செல்கிறது. இதனால் வறண்ட வயல்கள் விளைந்தன என்பது மறுக்கவியலாதது.

ஆயினும், ஆண்டுகளின் வரிசை சிந்தனைக்குரியது. மகாவலித் திட்டத்தால் வாழிடமிழந்த விலங்குகளின் புகலிடங்களுள் ஒன்றாக, அம்பன் கங்கையும் மகாவலியும் அணைத்தோடும் வஸ்கமுவ தேசியப் பூங்காவாக்கப்பட்டது 1984இலேயாம். ஆலயத்தைப் பெயர்த்து வைத்தாற்போல் யானையின் வழித்தடத்தைப் பெயர்த்து வைத்தல் இயலாது. வறண்ட குளப்படுகையின் புல்லையும் தரிசாய் விடப்பட்ட சேனைநிலத்தின் இளந்தழையையும் யானைகள் நாடுகின்றன. இவற்றுட் பல பூங்கா எல்லைக்கு வெளியே உள்ளன. அங்கேயே குடியேற்றவாசிகளின் பயிரும் வளர்கிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400இற்கு மேற்பட்ட யானைகளும் யானைகளால் 120 பேரளவிலும் மாண்டனர். இம்மோதலின் சுமை, திட்டத்தை வகுத்தோர்மீதன்றி வறிய விவசாயிமீதே விழுகிறது.

குளமும் சேனையும் காடும் ஒன்றையொன்று சார்ந்தே இந்நிலத்தை உருவாக்கின. நினைவுச் சின்னத்தைத் தொல்லியலாளரிடமும் விலங்கை வேலிக்குள்ளும் ஒப்படைத்து, இடையில் வாழும் உழவனை மறக்கும் பாதுகாப்பு, வரலாற்றை உணராத பாதுகாப்பேயாகும்.