கவிழ்த்து வைக்கப்பட்ட அட்டை

விளையாட்டைப் போய் வரலாறாக வாசிப்பதா என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். விளையாட்டும் ஒரு பிரதிதான். யாரை மறக்கலாம் என்பதை அது சந்தடியில்லாமல் சொல்லிக்கொடுக்கிறது.

'லூயிஸ் அண்ட் கிளார்க்' என்ற பலகை ஆட்டம் 2013இல் வந்தது. உருவாக்கியவர் பிரெஞ்சுக்காரரான செட்ரிக் ஷாபுஸ்ஸி. ஐந்து பேர் வரை ஆடலாம். மிசௌரி ஆற்றில் ஏறி, ராக்கி மலைகளைக் கடந்து, பசிபிக் கரைப் பக்கமுள்ள கிளாட்சப் கோட்டையில் முதலில் முகாம் போடுகிறவருக்கு வெற்றி. வரைபடத்தைப் பந்தயமாக்குவது புதிதல்ல. 1759இல் லண்டனில் ஜான் ஜெஃப்ரிஸ் வெளியிட்ட ஐரோப்பியப் பயண ஆட்டமும் பந்தயம்தான். அதில் எண் பொறித்த பம்பரம் காயை நகர்த்தியது. இதில் ஆட்களே எரிபொருள்.

ஆறு அட்டைகளோடு தொடங்குகிறோம். அட்டைக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு வேலை. புது ஆட்களைச் சேர்க்கச் சேர்க்கக் கையிலுள்ள சீட்டுகள் இயந்திரம் மாதிரி ஓடத் தொடங்கும். ஆனால் ஒரு அட்டை வேலை செய்ய பலம் வேண்டும். இன்னொரு அட்டையைக் கவிழ்த்து வைத்து அந்தப் பலத்தைத் தரலாம். கவிழ்ந்ததும் பெயர் போய்விடும், பலம் மட்டும் மிஞ்சும். அல்லது மரப்பொம்மைகளை வைக்கலாம். விதிப்புத்தகம் அவற்றை 'இந்தியர்' என்கிறது. பொம்மைகளுக்குப் பெயரே கிடையாது. முகாம் போடும்போது படகில் மிஞ்சிய மரம், தோல் போலவே இந்தியரும் சுமையாகக் கணக்கிடப்பட்டு நம் காய் பின்னுக்குப் போகிறது. வேண்டும்போது பலம், வேண்டாதபோது பாரம். ஒரு ராத்திரி நானும் ஆடினேன். முகாமுக்கு முன்னால் பொம்மைகளை எங்காவது தள்ளிவிட என் கை பரபரத்தது. அந்தப் பரபரப்புதான் இதை எழுத வைத்தது.

நடந்த கதை என்ன? 1803இல் அமெரிக்கா பிரான்சிடமிருந்து லூசியானாவை வாங்கியது. மறுவருஷம் புறப்பட்டது ஒரே குழுதான். போட்டிக் குழுக்கள் ஆட்டத்தின் கற்பனை. அந்தக் குளிர்காலத்தை மாண்டன் ஊர்களின் தயவில் கழித்தார்கள். 1805 ஆகஸ்டில் ஷோஷோனி மக்களின் குதிரைகள் இல்லாமல் மலையேறியிருக்க முடியாது. மலையிலிருந்து பட்டினியோடு இறங்கியபோது சோறு போட்டவர்கள் நெஸ் பெர்ஸ் மக்கள். அடுத்தவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டைக் 'கண்டுபிடித்தேன்' என்பதுதான் காலனியச் சொல்லாடல்.

குழுவில் யார்க் என்ற கறுப்பின மனிதர் இருந்தார். கிளார்க்கின் அடிமை. கைக்குழந்தையோடு நடந்த ஷோஷோனிப் பெண் சகாகவேயாவும் இருந்தார். 1805 நவம்பரில் எங்கே தங்குவது என்று கேட்டபோது இருவர் கருத்தும் குறிக்கப்பட்டது. 1806இல் திரும்பியபின் படைவீரர்களுக்கு இரட்டைச் சம்பளமும் ஆளுக்கு 320 ஏக்கர் நிலமும் கிடைத்தன. இவர்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. யார்க் தன் மனைவி இருந்த ஊருக்குப் போகக் கேட்டார். 1808, 1809இல் கிளார்க் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதங்களில் இருப்பது அதற்கான எரிச்சல்.

இந்த ஆட்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. அடுத்தவர் பலத்தில்தான் பயணம் நகர்ந்தது என்பதை வீரகாவியமாக எழுதப்பட்ட புத்தகங்களைவிட இது நேராகக் காட்டிவிடுகிறது, தெரியாமலேயே. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆட்டத்தில் முகாம் போட்டதும் கவிழ்ந்த அட்டை நிமிர்ந்து கைக்குத் திரும்பும். யார்க் விஷயத்தில் அந்த விதி செல்லவில்லை.