மிக்-21 ஓய்வு பெற்றாச்சு... ஆனா வீட்டு கம்ப்யூட்டரில் இன்னும் பறக்குது! காம்பாட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்பது என்ன?

2025 செப்டம்பர் 26. சண்டிகர் விமானப்படைத் தளத்தில் மிக்-21 போர் விமானங்கள் கடைசியாக ஒருமுறை வானில் சுற்றி வந்து இறங்கின. விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் தானே ஒரு விமானத்தை ஓட்டினார். 1963இல் இந்தியாவுக்கு வந்த முதல் சூப்பர்சோனிக் போர் விமானத்தின் 62 ஆண்டு சேவை அத்தோடு முடிந்தது.

ஆனால் அதே மிக்-21, உலகம் முழுக்கப் பலருடைய வீட்டு கம்ப்யூட்டரில் இன்றைக்கு ராத்திரியும் கிளம்பத்தான் போகிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வரிசையாக சுவிட்ச் போட வேண்டும். தப்பாக இறக்கினால் டயர் வெடிக்கும். இதெல்லாம் சும்மா கேம் தானே என்று நினைத்து உட்காருபவர்களில் பெரும்பாலானோர் முதல் நாள் ஓடுபாதை வரைக்கும்கூடப் போய்ச் சேர மாட்டார்கள்!

கேமுக்கும் சிமுலேட்டருக்கும் என்ன வித்தியாசம்?

மொபைலில் விளையாடும் விமான கேமில் ஒரு பட்டன் தட்டினால் ஏவுகணை போகும். அது தீரவே தீராது. சிமுலேட்டரில் அப்படி நடக்காது. விமானத்தின் எடை, இறக்கையில் காற்று படும் கோணம், எரிபொருள் குறையக் குறைய மாறும் சமநிலை, மின்சாரம் எந்த வழியாக எந்தக் கருவிக்குப் போகிறது என்பது வரை கணக்கிட்டு இயக்குவார்கள்.

இந்த வகையில் அதிகம் பேசப்படுவது 'டிசிஎஸ் வேர்ல்டு'. ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. அடிப்படை சாஃப்ட்வேர் இலவசம். பெரும்பாலான விமானங்களைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இதில் மிக்-21 பிஸ் ரகம் 2014 செப்டம்பரில் வந்தது. கொரியப் போர் காலத்து மிக்-15, எஃப்-86 சேபர் தொடங்கி, வியட்நாம் புகழ் எஃப்-4 ஃபேன்டம், எஃப்-14 டாம்கேட் வரை பழைய ஜெட்களுக்கு இங்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு.

புது விமானம் இருக்கும்போது பழசு எதுக்கு?

முதல் காரணம் ரகசியம். இன்று சேவையில் இருக்கும் நவீன விமானத்தின் ரேடாரும் ஏவுகணையும் உண்மையில் எப்படி வேலை செய்கின்றன என்பதை எந்த நாடும் வெளியே சொல்லாது. அதனால் சிமுலேட்டர்களில் வரும் நவீன விமானங்களில் கொஞ்சமாவது ஊகம் கலந்தே இருக்கும். பழைய விமானங்களின் கையேடுகள் பெரும்பாலும் வெளியே கிடைக்கின்றன. அதை ஓட்டிய விமானிகளும் பேசுகிறார்கள். ஒவ்வொரு சுவிட்சையும் அப்படியே செய்ய முடிகிறது. இந்த ரகசிய விஷயம் விளையாட்டல்ல. எஃப்-16 கையேடுகளை இணையத்தில் வாங்கி ரஷ்யாவுக்கு அனுப்ப முயன்றதாக ஒரு சிமுலேட்டர் நிறுவன ஊழியரே கைதாகி, 2019இல் அமெரிக்காவுக்கு நாடு கடத்தப்பட்டு வழக்கைச் சந்தித்தார்.

இரண்டாவது காரணம், வேலை முழுக்க விமானியின் தலையில். நவீன விமானத்தில் ஸ்டிக்குக்கும் இறக்கைக்கும் நடுவே கம்ப்யூட்டர் உட்கார்ந்து, தப்பு செய்ய விடாமல் தடுக்கும். மிக்-21இல் அந்த உதவி இல்லை. அளவுக்கு மீறி இழுத்தால் விமானம் அப்படியே சுழல ஆரம்பிக்கும். அந்த நேரத்துக்காகவே அசல் காக்பிட்டின் கருவிப் பலகை நடுவில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். குழப்பத்தில் இருக்கும் விமானி அந்தக் கோட்டைப் பார்த்து ஸ்டிக்கை நேராகத் தள்ள வேண்டும். சிமுலேட்டரிலும் அந்தக் கோடு இருக்கிறது. சும்மா அழகுக்கு இல்லை என்பது முதல் சுழற்சியிலேயே புரிந்துவிடும்.

உள்ளே உட்கார்ந்தால்...

பச்சையும் நீலமும் கலந்த பெயின்ட், சுற்றிலும் முள் காட்டும் டயல்கள். தொடுதிரை எதுவும் கிடையாது. பேட்டரி, மின்மாற்றிகள், எரிபொருள் பம்புகள் என வரிசையாகப் போட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட் பட்டன். ரேடாரை ஆன் செய்தால் உடனே வேலை செய்யாது. அது தயாராகும் வரை காத்திருக்க வேண்டும்.

இதில் பலரையும் கவிழ்ப்பது எரிபொருள் மீட்டர். கார் மாதிரி டேங்கைப் பார்த்து அளவு காட்டும் மீட்டர் இல்லை இது. எவ்வளவு ஊற்றியிருக்கிறோம் என்று கிளம்பும் முன் விமானிதான் முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். அதிலிருந்து இன்ஜினுக்குப் போனதைக் கழித்துக்கொண்டே வரும், அவ்ளோதான். திருப்ப மறந்தாலோ, கூடுதலாக வைத்தாலோ மீட்டர் பொய் சொல்லும். "இன்னும் இருக்கே" என்று நம்பிப் போனவர் நடுவானில் இன்ஜின் அணைந்த பிறகுதான் உண்மையைத் தெரிந்துகொள்வார்.

தரையில் ஓட்டுவதும் பெரும்பாடு. முன்சக்கரத்தைத் திருப்ப ஸ்டியரிங் இல்லை. காலால் பெடலை ஒரு பக்கம் அழுத்தி, ஸ்டிக்கில் இருக்கும் பிரேக் பிடியை விரலால் இழுத்தால், அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து விமானம் திரும்பும். புதிதாக வருபவர்கள் புல்தரையில் இறங்கி நிற்பது இங்கேதான்.

சண்டை எப்படி?

மேலே ஏறிவிட்டால் மிக்-21 வேறு ஆள். உயரத்தில் ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம். பிஸ் ரகத்தின் ஆர்-25 இன்ஜினுக்கு அவசர ஆஃப்டர்பர்னர் என்று ஒரு கூடுதல் சக்தி உண்டு. தாழ்வான உயரத்தில், சில நிமிடங்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டியது.

பிரச்சனை திரும்பும்போது வரும். முக்கோண இறக்கை சட்டென்று மூக்கைத் திருப்பிக் கொடுக்கும், ஆனால் அதற்கு விலையாக வேகத்தை விழுங்கிவிடும். இரண்டு சுற்று சுற்றினால் விமானம் மூச்சு வாங்கும். அதனால் வேகமாக வந்து, அடித்துவிட்டு, நிற்காமல் போய்விடுவதுதான் இதன் பாணி. சிமுலேட்டரில் இதற்குப் பிடித்த எதிராளி அமெரிக்காவின் எஃப்-5இ. இது கற்பனை ஜோடி அல்ல. அளவிலும் திறனிலும் மிக்-21க்கு நெருக்கமாக இருந்ததால், அமெரிக்க விமானப்படையே தன் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்க எஃப்-5இயை மிக் வேடத்தில் பறக்கவிட்டது. அதோடு நிற்காமல், உண்மையான மிக் விமானங்களையும் நெவாடா பாலைவனத்தில் பல ஆண்டுகள் ரகசியமாகப் பறக்கவிட்டார்கள். 2006இல்தான் அந்தத் திட்டம் வெளியே சொல்லப்பட்டது.

ஆயுதங்களும் வயதைக் காட்டும். ஆரம்பகால ஆர்-3எஸ் ஏவுகணையை எதிரியின் பின்னால் போய், அவன் இன்ஜின் வெப்பத்தைப் பார்த்துத்தான் ஏவ முடியும். 1958இல் சீன மிக்-17 ஒன்றில் வெடிக்காமல் சிக்கிக்கொண்ட அமெரிக்க சைட்விண்டர் ஏவுகணையைப் பிரித்துப் பார்த்து சோவியத் செய்த நகல் அது. பீரங்கியில் 200 குண்டுகள். நிமிடத்துக்கு 3,000க்கும் மேல் சுடும் துப்பாக்கி என்பதால், விசையை அழுத்திப் பிடித்தால் நாலு விநாடியில் காலி!

ஒரு சின்னத் திருத்தம். 2019 பிப்ரவரி 27 அன்று, தமிழகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட விங் கமாண்டர் அபிநந்தன் ஓட்டியது மிக்-21 பைசன். அது நவீன ரேடாரும் புதிய ஏவுகணைகளும் பொருத்தி மேம்படுத்தப்பட்ட ரகம். டிசிஎஸ்-இல் இருப்பது அதற்கு முந்தைய பிஸ். "அபிநந்தன் ஓட்டிய அதே விமானம்" என்று சில வீடியோக்களில் தலைப்பு வைப்பது சரியல்ல.

தரையிறக்கம்தான் பரீட்சை

மிக்-21 ஓடுபாதையை நெருங்கும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். சின்ன இறக்கை, மெதுவாகப் போனால் தாங்காது. வேகத்தைக் குறைக்க ஒரு தந்திரம் உண்டு. இன்ஜினிலிருந்து எடுத்த அழுத்தக் காற்றை இறக்கையின் பின்பக்கத் தகடுகள் மேல் ஊதி, கூடுதல் தூக்குவிசை வாங்குவார்கள்.

இங்கேதான் கண்ணி. ஓடுபாதை தெரிந்ததும் "வந்தாச்சு" என்று த்ராட்டிலைப் பின்னால் இழுப்பது யாருக்கும் வரும் பழக்கம். இழுத்தால் இன்ஜின் சுழற்சி குறையும், ஊதும் காற்றும் குறையும், தூக்குவிசை சட்டென்று போய் விமானம் கல் மாதிரி விழும். பயந்துபோய் மறுபடி த்ராட்டிலைத் தள்ளினால், அந்தக் கால இன்ஜின் சக்தி கூட்ட சில விநாடி எடுக்கும். அதற்குள் தரை வந்துவிடும். சக்கரம் தொடும் வரை சக்தியை விடக் கூடாது. தொட்ட பிறகு பாராசூட்டை விரித்து நிறுத்த வேண்டும். இந்த ஒன்றைப் பழகவே பலருக்கு வாரக்கணக்கில் ஆகிறது.

திரையில் இதற்குத் தண்டனை ஒரு பட்டன் தான். அழுத்தினால் புது விமானம் வந்துவிடும். நிஜத்தில் அப்படி வரவில்லை. வாங்கப்பட்ட 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துகளில் போனதாக 2012இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் கணக்கு சொன்னார். 171 விமானிகள், 39 பொதுமக்கள் உயிரிழந்திருந்தார்கள். 2023 மே மாதம் ராஜஸ்தானின் ஹனுமான்கர் அருகே ஒரு மிக்-21 வீட்டின் மேல் விழுந்து மூன்று பெண்கள் இறந்தார்கள்.

எல்லா விபத்துக்கும் தரையிறக்கம் காரணம் அல்ல. இயந்திரக் கோளாறு, பறவை மோதல், மனிதத் தவறு என்று பல. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. 2008இல் ஹாக் பயிற்சி ஜெட் வரும் வரை, மெதுவான பயிற்சி விமானத்துக்கும் இந்த முரட்டு விமானத்துக்கும் இடையில் சரியான படிக்கட்டு இல்லை என்ற குறை நீண்ட காலம் இருந்தது. வீட்டில் ஒருமுறை மிக்-21ஐ இறக்கிப் பார்த்தவருக்கு அந்தக் குறையின் கனம் கொஞ்சமாவது புரியும். உடலை அழுத்தும் ஈர்ப்பு விசை, வியர்வை, பயம் இவை எதையும் சிமுலேட்டர் தராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போர் வீடியோவா, கேம் வீடியோவா?

இதெல்லாம் சிமுலேட்டர் ஓட்டாதவருக்கு எதற்கு என்றால், காரணம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய மறுநாளே, ரஷ்ய விமானங்களை வீழ்த்திய 'கீவ் நகரப் பேய்' என்ற பெயரில் ஒரு வீடியோ பரவியது. அது டிசிஎஸ்-இல் எடுத்தது. உருவாக்கியவரே அதை வெளிப்படையாக எழுதியிருந்தார். பகிர்ந்தவர்கள் படிக்கவில்லை. 2021இல் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் சண்டை என்று சொல்லி 'ஆர்மா 3' கேம் காட்சியைச் சில இந்திய டிவி சேனல்களே ஒளிபரப்பின. ஊடகங்களும் இதில் தப்பவில்லை.

ஆர்மா 3 தயாரித்த செக் நாட்டு நிறுவனமே 2022இல் அடையாளம் காணும் வழிகளைச் சொன்னது. தெளிவில்லாத, ஆடும், பெரும்பாலும் இரவுக் காட்சி, சத்தம் இல்லாமை, மனிதர்கள் அசைவதே தெரியாமை. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் ஃபார்வர்டு செய்யும் முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

ஓட்டிப் பார்க்க என்ன தேவை?

மொபைலில் முடியாது. நல்ல கிராபிக்ஸ் கார்டும் 32 ஜிபி ரேமும் உள்ள கம்ப்யூட்டர் இருந்தால் நிம்மதி. கீபோர்டில் ஓட்டலாம், ஆனால் வெறுத்துப் போகும். ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக்காவது வேண்டும். விஆர் ஹெட்செட், கால் பெடல் எல்லாம் பிறகு. டிசிஎஸ்-இல் சு-25டி என்ற விமானம் இலவசமாகவே வருகிறது. பல விமானங்களை வாங்கும் முன் 14 நாள் சோதித்துப் பார்க்கும் வசதியும் உண்டு. மிக்-21ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் முதல் நாள் சண்டைக்குப் போகாமல், இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓடுபாதை முனை வரை நேராக ஓட்டிப் பார்த்தால் போதும். எரிபொருள் முள்ளைத் திருப்பி வைக்க மட்டும் மறக்கக் கூடாது.