வெளியூர்க்காரன் எங்கே சாப்பிடுவது?

நளன் சமையலில் கெட்டிக்காரன். அதனால்தான் ருசியான சாப்பாட்டை இன்றும் ‘நளபாகம்’ என்கிறோம். அந்த நளனுக்குச் சனி விலகியதாகச் சொல்லப்படும் ஊர் நம் காரைக்கால் பக்கத்துத் திருநள்ளாறு. சனிக்கிழமை வரும் வெளியூர்க் கூட்டம் நளதீர்த்தத்தில் குளித்து, சாமி கும்பிட்டு, வெளியே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இங்க நல்ல ஹோட்டல் எது? சாப்பாடு எவ்வளவு?" என்பதுதான். பையில் இருக்கும் காசைப் பார்த்து முடிவு செய்துவிடலாம். ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் இதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருந்தது. "நீங்க என்ன ஆளுங்க?"

ஹோட்டல்கள் வருவதற்கு முன் யாத்திரிகர்களுக்குச் சத்திரம்தான் கதி. தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேஸ்வரம் போகும் வழியில் பல சத்திரங்களை நடத்தினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி காலத்தது. இந்தச் சத்திரங்களைப் பற்றி அவர் 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லாச் சாதியாருக்கும் சோறு போடுவதாகவும், சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசி, மளிகையாகவே கொடுப்பதாகவும் அதில் சொல்கிறார். விலையே இல்லாத சாப்பாட்டையும் யார் சமைத்தது என்று பார்த்துத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்!

பிறகு ரயில் வந்தது, காபி வந்தது, ஹோட்டலும் வந்தது. டிக்கெட் எடுத்தவரெல்லாம் ஒரே பெட்டியில் ஏறலாம். ஆனால் ஸ்டேஷனில் இறங்கிச் சாப்பிடப் போனால் ‘பிராமணாள்’ ஒரு பக்கம், ‘இதராள்’ ஒரு பக்கம். ஒரே காசு கொடுத்தாலும் இடம் வேறு. வணிகவியலில் வாடிக்கையாளரை வருமானப்படி பிரிப்பதைப் பற்றிப் படிக்கிறோம். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் அடங்காத பிரிவினை. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு, ரயில்வே உணவு விடுதிகளில் 1941-இல்தான் இது ஒழிந்தது.

1950-இல் அரசியல் சட்டம் வந்தது. அதன் 15-வது பிரிவு, உணவு விடுதிக்குள் நுழையச் சாதி தடையாகக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. அப்புறமும் பலகைகள் இருந்தன. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஹோட்டலின் ‘பிராமணாள்’ என்ற பெயரை நீக்கக் கோரி 1957 மே மாதம் பெரியார் மறியலைத் தொடங்கினார். தினமும் தொண்டர்கள் போவார்கள், கைதாவார்கள். மாதக்கணக்கில் இது நடந்தது. ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள். 1958-இல் அந்தப் பெயர் போனது. ‘வெறும் பலகைதானே, உள்ளே போய்ச் சாப்பிட வேண்டியதுதானே’ என்று இன்று கேட்பது சுலபம். காசு கையில் இருந்தும் வாசலில் ஒரு நொடி தயங்கி நின்றவனுக்குத்தான் அந்தப் பலகையின் கனம் தெரியும்.

இதே காலத்தில் உடுப்பிக்காரர்கள் சென்னையில் காலூன்றினார்கள். கே.கிருஷ்ணாராவ் 1938-இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸை ஆரம்பித்தார். 1951-இல் மவுண்ட் ரோட்டில் புகாரி ஹோட்டல் வந்தது. சைவமோ அசைவமோ, கொஞ்சம் கொஞ்சமாக விலைப்பட்டியலைப் பார்த்து ஹோட்டலைத் தேடும் காலம் வந்தது.

அதற்காகப் பந்தி ஒன்றாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஏசி ரூமில் அதே தோசைக்கு வேறு விலை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி ஹோட்டலுக்கு 18 சதவீதம், ஏசி இல்லாததற்கு 12 சதவீதம் என்று வரியே இரண்டாக இருந்தது. நவம்பரில்தான் இரண்டுக்கும் 5 சதவீதம் ஆக்கினார்கள்.

2013-இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகத்தைத் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். ஏசி ரூம் கிடையாது. மூட்டை தூக்குபவரும் ஆபீஸ் போகிறவரும் டோக்கன் வாங்கி, ஒரே மேஜையில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.