அளவுகோலை அளப்பது எது?

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அண்மையில் உள்ள ஊர் வடக்கனந்தல். கடலோ அங்கிருந்து வெகு தொலைவு. அவ்வூரில் ஒருவர் கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்க்க விழைந்தால், நன்னீரில் உப்புக் கலவையைக் கரைத்துக் கடல்நீரைத் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்த அளவை நாவால் அறிய இயலாது; கருவியால்தான் அறிய வேண்டும். கருவியே பிழைபட்டால் மீன்கள் மடியும். அவ்வாறாயின், கருவியின் வாய்மையை அறிவது எங்ஙனம்?

இக்கேள்வி மிகப் பழையது. நன்னீருக்கும் உவர்நீருக்கும் எடையில் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தவர் பேரறிஞர் அல்-பீரூனி. அவருக்குப் பின், மர்வு நகரில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அல்-காஸினி, ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலை இயற்றினார். திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் மிதவைமானியை அதில் விளக்கி, அதனை அலெக்சாந்திரியா அறிஞர் பாப்பஸுக்கு உரியதென நேர்மையுடன் குறித்தார். வெப்பம் மாறினால் நீரின் அடர்த்தியும் மாறும் என்பதையும் அவர் கண்டிருந்தார்.

1768இல் பிரெஞ்சு வேதியியலார் பாமே, மிதவைமானிக்கு இரு நிலைகளை வரையறுத்தார். தூய நீரில் அது நிற்கும் இடம் 0. நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்புள்ள கரைசலில் நிற்கும் இடம் 15. தூத்துக்குடி போன்ற உப்பளங்களில், உப்பு விளையும் பதமாகிய ஏறத்தாழ 25 பாகையும் இவ்வளவையால் அறியப்படுவதே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க் அறிஞர் நூட்சென், உப்பளவு துல்லியமாக அறியப்பட்ட கடல்நீரைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து உலக ஆய்வுக்கூடங்களுக்கு வழங்க வழிசெய்தார். எங்கும் கருவிகள் அந்நீரோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டன.

வீட்டுத் தொட்டிக்கும் நெறி அதுவே. தூய நீரில் கருவி சுழியைக் காட்டுவது மட்டும் போதாது. 35ஐ ஒட்டிய கரைசலிலும் சோதிக்க வேண்டும். ஒளிவிலகலைக் கொண்டு அளக்கும் கருவிக்கு, 36.5 கிராம் தூய சமையல் உப்பை 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், அது 35 காட்ட வேண்டும். மிதவைமானிக்கோ 37.1 கிராம் உப்பும் 962.9 கிராம் நீரும் வேண்டும். கடல்நீரில் சமையல் உப்பு மட்டுமின்றி வேறு உப்புகளும் கலந்திருப்பதால்தான் இவ்வேறுபாடு. கருவிக்குக் குறித்த வெப்பநிலையும் பேணப்பட வேண்டும்.

தராசை நம்புமுன் எடைக்கல்லைச் சரிபார்ப்பது நேர்மையான வணிகரின் வழக்கம். அல்-காஸினி தம் நூலில் துலாக்கோலை நீதியின் கருவியாகவே போற்றினார். வாயில்லா மீனும் அந்நீதிக்கு உரியதன்றோ!