வேம்பு: பயன்கள் பல, ஆனால் எண்ணெய் குழந்தைகளின் வாய்க்கு ஆகாது

தோட்டத்து மாரியம்மன் கோயில் என்றால் பக்கத்தில் ஒரு வேப்ப மரம் இருக்கும். தோட்டம் விற்கப்பட்டு, லயத்து வீடுகள் இடிக்கப்பட்ட பிறகும் சில இடங்களில் அந்த மரம் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர்களும் தாமான் வீட்டின் முன்புறத்தில் ஒரு வேப்பங்கன்றை நட்டு வைக்கிறார்கள். அம்மை கண்டால் வாசலில் செருக, ஆடி மாதம் கூழ் ஊற்ற, தீமிதித் திருவிழாவில் கையில் ஏந்த என வேப்பிலை நமக்கு எப்போதும் வேண்டியிருக்கிறது.

அந்த மரத்தின் எந்தப் பகுதி எதற்கு உதவும், எதில் கவனம் தேவை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மரமும் பெயரும்

வேம்பின் தாவரவியல் பெயர் அசாடிராக்டா இண்டிகா. மகோகனி மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியத் துணைக்கண்டமும் மியன்மாரும் இதன் தாயகம். மலாய் மொழியில் இதைச் செமாம்பு என்பார்கள். வறட்சியைத் தாங்கும் மரம் என்பதால் கெடா, பெர்லிஸ் போன்ற வட மாநிலங்களில் நன்றாக வளர்கிறது. வேர் பகுதியில் தண்ணீர் தேங்கினால் பட்டுப்போகும். விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர் பழுத்து விழுந்த பழத்தின் விதையை உடனே ஊன்ற வேண்டும். சில வாரங்களிலேயே அது முளைப்புத் திறனை இழந்துவிடும்.

நம் நாட்டுக் காடுகளில் வளரும் செந்தாங் மரம் வேம்பின் நெருங்கிய உறவு. பலகைக்காக அது பயிரிடப்படுகிறது. கறிவேப்பிலைக்கும் வேம்புக்கும் பெயரில்தான் ஒற்றுமை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

தமிழரோடு வேம்புக்குள்ள தொடர்பு மிகப் பழையது. மூவேந்தருள் பாண்டியருக்கு உரிய பூ வேம்பு. சேரருக்குப் பனை, சோழருக்கு ஆத்தி என்பதோடு இதையும் சேர்த்துத் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது.

வீட்டில் வழங்கும் முறைகள்

வேப்பம்பூவைக் காயவைத்து ரசம் வைப்பதும், சித்திரைப் புத்தாண்டு அன்று மாங்காய், வெல்லத்தோடு பச்சடி செய்வதும் இன்றும் தொடர்கின்றன. வேப்பங்குச்சியால் பல் துலக்கியவர்கள் தோட்டங்களில் இருந்தார்கள். ஈறு வீக்கத்தையும் பல்லில் படியும் கறையையும் வேம்பு குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்றைய பற்பசைகளிலும் சோப்புகளிலும் அது இடம்பெறுவது இதனால்தான்.

அம்மை கண்டவரை வேப்பிலைமேல் படுக்க வைப்பதும், இறங்கிய பிறகு வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரைத் தலைக்கு ஊற்றுவதும் வழக்கம். அரிப்பு எடுக்கும்போது நகத்தால் சொறியாமல் வேப்பிலைக் கொத்தால் வருடுவது புண் ஆகாமல் காக்கும். ஆனால் நீர்க்கொளுவான் ஒரு கிருமியால் வரும் நோய். அந்தக் கிருமியை வேப்பிலை அழிக்காது. கர்ப்பிணிகள், பச்சிளம் குழந்தைகள், பெரியவர்கள் ஆகியோருக்கு அது கடுமையாகலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். அம்மை கண்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது.

காய்ந்த இலையைப் புகைத்துக் கொசு விரட்டுவதும் பழைய பழக்கம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ தேங்கிய நீரில் பெருகுவது. பூச்சட்டித் தட்டிலும் வாளியிலும் உள்ள நீரைக் கொட்டாமல் புகை மட்டும் போடுவதால் பயனில்லை. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் புகையும் ஆகாது.

வெட்டுக்கிளி தொடாத மரம்

1959ஆம் ஆண்டு சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சை எல்லாவற்றையும் தின்றபோது வேப்ப மரங்கள் மட்டும் தப்பின. அதைக் கண்ட ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் வேம்பை ஆராயத் தொடங்கினார். 1968இல் பிரிட்டனில் வேப்ப விதையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அது பூச்சியின் பசியைக் கெடுக்கிறது. தோலுரித்து வளரும் சுரப்பையும் குழப்பிவிடுகிறது. அதன் அமைப்பு மிகச் சிக்கலானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லே குழுவினர் 22 ஆண்டுகள் முயன்று 2007இல்தான் அதை ஆய்வகத்தில் உருவாக்கினர்.

வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் ஒரு தனியார் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்திய உழவர்கள் காலங்காலமாக அறிந்தது இது என்று வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்தனர். 2000இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

வீட்டுத் தோட்டத்துக்கு 1 லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, மிளகாய், கத்தரிச் செடிகளின் இலையடியில் தெளிக்கலாம். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் தெளிப்பது நல்லது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் வேப்பம் புண்ணாக்கு மண்ணுக்கு உரமாகும்.

குழந்தைக்கு வேப்பெண்ணெய் ஏன் கூடாது?

மாந்தம், சளி, வயிற்றுப் பூச்சி என்று கைக்குழந்தைக்குச் சங்கில் வேப்பெண்ணெய் புகட்டும் பழக்கம் நம்மிடையே இருந்தது. இந்தப் பழக்கத்தின் ஆபத்தை உலக மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னது மலேசியாதான்.

1981இல் டாக்டர் சின்னையாவும் டாக்டர் பாஸ்கரனும் 'லான்செட்' மருத்துவ இதழில் 13 கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினர். வேப்பெண்ணெய் குடித்த சில மணி நேரத்தில் அவர்களுக்கு வாந்தி, மயக்கம் ஏற்பட்டு, மூளையும் பாதிக்கப்பட்டிருந்தது. மூளையையும் கல்லீரலையும் ஒருசேரத் தாக்கும் ரேய் நோயை இது ஒத்திருந்தது. மறு ஆண்டு, உயிரிழந்த ஒரு குழந்தையின் உடற்கூறு ஆய்வும் வெளிவந்தது. இந்தியக் குழந்தை மருத்துவர்களும் இதே போன்ற பாதிப்புகளைப் பதிவு செய்துள்ளனர்.

"எங்களுக்கெல்லாம் கொடுத்தார்களே, ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். எல்லாக் குழந்தைக்கும் பாதிப்பு வந்துவிடுவதில்லை. எந்தக் குழந்தைக்கு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அதனால் ஒரு தேக்கரண்டி அளவுகூட வேண்டாம். செடிக்காக வாங்கிய போத்தலையும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

தவறிக் கொடுத்துவிட்டால் கையை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடலாம். உடனே 999ஐ அழைக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். போத்தலையும் கொண்டுபோய், என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்று தயங்கி மறைத்தால் சிகிச்சைதான் தாமதமாகும்.

பெரியவர்களுக்கும் அளவு உண்டு

கர்ப்பிணிகளும் குழந்தைப்பேற்றை எதிர்பார்ப்பவர்களும் வேம்பை மருந்தாக உட்கொள்வதைத் தவிர்க்க வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதோடு வேப்பிலைச் சாறும் குடித்தால் சர்க்கரை அளவு தேவைக்கு மேல் இறங்கக்கூடும். மாத்திரையை நிறுத்திவிட்டு வேப்பிலையை மட்டும் நம்புவதும் ஆபத்து. கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே உட்கொள்ள வேண்டும்.

இலை வாசலிலும், பூ ரசத்திலும், எண்ணெய் செடியிலும் இருக்கும்வரை வேம்பு நமக்கு நல்ல துணை. அந்த எண்ணெய் பச்சிளம் குழந்தையின் சங்குக்கு மட்டும் போகக் கூடாது.